மூன்றாவது பாட்டில் ஒரு சத்தம்

நாற்பது வருஷம் மேடையில்
செத்துச் செத்துப் பிழைத்தவர்.
ஆயிரத்து எழுநூறு முறை தலை உருண்டது.
சோளப்பாகில் சாயம் கலந்த ரத்தத்தை
முன்வரிசைப் பிள்ளைகள் நக்கிப் பார்த்து
இனிக்கிறது என்றார்கள்.
ஒரு மாநிலத்தில் அவர் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள்;
கொளுத்துவதற்கென்றே வாங்கியதில்
அந்த வாரம் விற்பனை கூடியது.
கில்லட்டின் இப்போது டொலிடோவில் ஒரு கிடங்கில்.
வாடகை தவறினால் ஏலம்.

போஸ்டரில் பிணப் பாதிரி.
மருந்துச் சீட்டில் டுவைட் ப்ரோஹாஸ்கா, வயது அறுபத்தொன்பது.

இந்த ஆல்பத்தில் பேய் இல்லை, பிசாசு இல்லை.
ஓர் உலை மட்டும். ஒன்பதாம் எண்.
அது ஊரைத் தின்கிறது:
முதலில் பெயர்களை,
பிறகு விரல்களை,
பிறகு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியை.
பதினோராவது பாட்டில் உலையே கெஞ்சுகிறது,
என்னை அணையுங்கள்.
அணைக்கத் தெரிந்தவன்
நாலாவது பாட்டிலேயே செத்துவிட்டான்.

லொரெய்னில், மூடிக் கிடந்த உருக்காலையின்
குளியலறையில் பதிவு செய்தோம்.
வெள்ளை ஓடு, எழுபது ஷவர் குழாய்.
தகட்டைச் சங்கிலியால் அடித்தால்
எதிரொலி நாலரை நொடி நிற்கும்.
நான் இரண்டு கோட்டு போட்டிருந்தேன்.
என் அப்பா தினமும் குளித்த இடம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டு வெறும் கிசுகிசுப்பு.
உதட்டோடு மைக்.
ஹெட்போனில் கேட்டேன்:
டிக்.
டிக்.
கேபிளை மாற்றினேன். மைக்கை மாற்றினேன்.
டிரம்ஸைக் கணினியில் தைக்கும் எமெட்டின்
கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவர்
கறுப்புச் சாயம் பூசிய உதட்டைத் துடைத்துக்கொண்டே
சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டார்.
"வால்வு," என்றார். "போன மார்ச்சில் வைத்தார்கள். கார்பன்."

பாம்போடு தூங்கியவர்,
சவப்பெட்டிக்குள் படுத்துப் பேட்டி கொடுத்தவர்,
வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.
"அழித்துவிடு யாரித்ஸா. யாருக்கும் தெரியக் கூடாது."

இரண்டு ராத்திரி அழித்துப் பார்த்தேன்.
டிக்கைப் பிடுங்கினால்
சொற்களின் பற்களும் கூடவே உதிர்ந்தன.
உலை வாய்க்காவது மூடி உண்டு.

எமெட்தான் கவனித்தான்.
கிசுகிசுக்கும்போது எழுபத்திரண்டு.
கத்தினால் நூற்றுப் பத்து.
நீட்டி இழுத்து மூச்சு முட்டும் இடத்தில்
ஒன்று தவறும், இரண்டு சேர்ந்து வரும்.
அவன் இயந்திரத்தின் தாளத்தைக் கழற்றி
ஒவ்வோர் அடியையும் கையால் நகர்த்தி
அந்தக் கிழட்டு நெஞ்சுக்குப் பின்னால் நடக்க விட்டான்.
சம்மட்டி, பிஸ்டன், கிழிந்த கிட்டார்,
தொழிற்சாலை மொத்தமும்
ஒரு மனிதன் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று
காத்து நின்றது.

போட்டுக் காட்டினோம்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
"இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பயமாயிருக்கு."
சந்தோஷமாகச் சொல்லவில்லை.
வெளியே போய், சிகரெட் இல்லாமல்,
சிகரெட் பிடிக்கும் நேரம் அளவு பனியில் நின்றார்.

பதினோராவதை ஒரே தடவையில் பாடினார்.
முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார்.
மைக் திறந்தே இருந்தது.
நிறுத்தப் போன என் விரல் பாதியில் நின்றது.
நாற்பத்தோரு நொடி.
டிக். டிக்.
மாத்திரைத் தாள் கிழியும் சத்தம்.
தண்ணீர் பாட்டிலின் மூடி.
பிறகு, மைக்கிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை,
பொதுவாக ஒரு பேச்சு.
அதையும் நான் வெட்டவில்லை:

"இந்த எழவு ரூம், என்ன குளிரு."